வரப்போகும் ஸ்போர்ட்ஸ் காரின் நிறத்தை முன்கூட்டியே கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அடுத்த ஆண்டு எந்த நிறம் வரும் என்று தேடத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரு படத்திலிருந்து தொடங்குகிறார்கள். சோதனை ஓட்டத்தின்போது யாரோ தொலைவிலிருந்து எடுத்த படம் கிடைத்ததும், "இதுதான் புதிய பச்சை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு அந்த முடிவுக்கு ஏற்ற சான்றுகளை மட்டும் பொறுக்குகிறார்கள். வேலை கெட்டுப்போவது இங்கேதான்.

படம் கடைசியாக விசாரிக்க வேண்டிய சாட்சி. அதற்கு முன் பட்டியல், குறியீடு, விடைபெறும் நிறங்கள், அதே நிறுவனத்தின் மற்ற கார்கள், ஆவணங்கள் என்ற வரிசையில் போக வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் நீங்கள் ஏமாறாமல் காக்கும்.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

முதலில் ஓர் அட்டவணை. நீங்கள் கவனிக்கும் மாடலில் இப்போது கிடைக்கும் எல்லா நிறங்களையும், முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் கிடைத்தவற்றையும் எழுதுங்கள். பெயர், குறியீடு, பூச்சின் வகை, கூடுதல் விலை உண்டா, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வேரியன்ட்டில் என்று தனித்தனிப் பத்திகள் வேண்டும். ஏற்கெனவே உள்ள நிறத்தைப் "புதியது" என்று அறிவிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. முழுப் பட்டியல் கையில் இருந்தால் அது நடக்காது.

பூச்சின் வகையைக் கட்டாயம் குறியுங்கள். சாலிட் (மினுக்கம் இல்லாத ஒரே நிறம்), மெட்டாலிக் (உலோகத் துகள் கலந்தது), பேர்ல் (முத்துபோல் மினுங்குவது), மேட் (பளபளப்பு இல்லாதது), நிறமேற்றிய கிளியர் கோட் (மேலே பூசும் தெளிவான அடுக்கு) கொண்ட டின்ட்கோட் ஆகியவை அடிப்படை வகைகள். ஒரு சிவப்பு சாலிட்டா மெட்டாலிக்கா என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, நிறுவனத்தின் விற்பனைக் கையேடுகளை இப்போதே சேமித்துவிடுங்கள். மாடல் ஆண்டு மாறும் நாளில் பழைய பக்கம் மறைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க அதன்பின் எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, உங்கள் திரை. இரவு நேர மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிட்டு, ஒரே வெளிச்ச அளவில் வைத்துப் பாருங்கள். வடிகட்டியை அணைக்க மறந்து, வெள்ளைக் காரைக் கிரீம் நிறம் என்று வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2. மாடல் ஆண்டை உறுதி செய்தல்

"புதிய நிறம்" என்றால் எந்த ஆண்டுக்குப் புதியது? இதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள். அமெரிக்கச் சந்தையில் மாடல் ஆண்டும் காலண்டர் ஆண்டும் ஒன்றல்ல. 2026 மாடல் என்று விற்கப்படும் கார் 2025-லேயே ஆலையைவிட்டு வெளியேறியிருக்கலாம். அங்கு வாகன அடையாள எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும். 2024-க்கு ஆர் (R), 2025-க்கு எஸ் (S), 2026-க்கு டி (T).

அந்த எண்ணில் நிறம் இருக்காது. பதினேழு எழுத்துகளையும் பிரித்துப் பார்த்து நிறத்தைத் தேடுவது வீண் வேலை. நிறம் வேறொரு லேபிளில் இருக்கிறது. அதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

ஐரோப்பிய நிறுவனங்களில் மாற்றம் உற்பத்தி மாதத்தைப் பொறுத்தும் வரும். பிஎம்டபிள்யூ வழக்கமாக மார்ச், ஜூலை, நவம்பர் மாதங்களில் தன் மாடல்களில் மாற்றங்களைப் புகுத்துகிறது. எனவே அந்த நிறுவனத்துக்கு "அடுத்த ஆண்டு" என்று தேடாமல் "அடுத்த உற்பத்தி மாற்றம்" என்று தேடுங்கள்.

3. பெயரை விட்டுக் குறியீட்டைப் பிடியுங்கள்

நிறத்தின் பெயர் விளம்பரத்துக்காக வைக்கப்படுவது. குறியீடு ஆலைக்கும் பழுதுபார்க்கும் பட்டறைக்கும் உரியது. நம்ப வேண்டியது குறியீட்டைத்தான்.

நிசானின் மிட்நைட் பர்ப்பிள் நல்ல பாடம். ஆர்33 தலைமுறை ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது எல்.பி.2 (LP2). அடுத்த தலைமுறையான ஆர்34-இல் மிட்நைட் பர்ப்பிள் 2 என்று வந்தது எல்.வி.4, அடுத்து வந்த மிட்நைட் பர்ப்பிள் 3, எல்.எக்ஸ்.0. மூன்றும் வெவ்வேறு பூச்சுகள். பின்னிரண்டும் பார்க்கும் கோணத்துக்கேற்ப வெகுவாக நிறம் மாறுபவை. 2021-இல் ஜிடி-ஆர் டி-ஸ்பெக் அறிவிக்கப்பட்டபோது மிட்நைட் பர்ப்பிள் என்ற பெயர் மீண்டும் வந்தது. பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் பழைய பூச்சே திரும்பிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டு நிறுவனங்கள் ஒரே பெயரைப் பயன்படுத்துவதும் உண்டு. ஃபீனிக்ஸ் யெல்லோ என்றால் பிஎம்டபிள்யூவின் இ46 தலைமுறை எம்3 காரின் பிரியர்களுக்கு 445 என்ற குறியீடு. ஹோண்டாவின் இன்டெக்ரா டைப் ஆர் காரின் பிரியர்களுக்கு ஒய்56. முன்னது மெட்டாலிக், பின்னது சாலிட். கிடைத்த தகவல் எந்த நிறுவனத்தைப் பற்றியது என்று பாராமல் இவற்றைக் கலந்தவர்கள் பலர்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. போர்ஷேயின் எம்9ஏ என்ற ஒரே பூச்சு பிரிட்டனில் சாக் என்றும் அமெரிக்காவில் கிரேயான் என்றும் விற்கப்பட்டது. இரண்டு பெயர்கள் காதில் விழுந்ததும் இரண்டு நிறங்கள் வரப்போகின்றன என்று எழுதிவிடக் கூடாது.

சில நிறுவனங்களின் குறியீடே பூச்சின் வகையைச் சொல்லிவிடும். ஹோண்டாவில் முதல் எழுத்து நிறக் குடும்பம்: ஆர் என்றால் சிவப்பு, பி (B) என்றால் நீலம், ஒய் என்றால் மஞ்சள், என்.எச். என்றால் வெள்ளை, சாம்பல், கறுப்பு வகை. கடைசியில் எம் வந்தால் மெட்டாலிக், பி (P) வந்தால் பேர்ல், எதுவும் இல்லையென்றால் சாலிட். பி510பி (B510P) என்ற லாங் பீச் ப்ளூ பேர்லை இந்த விதியால் பெயரே தெரியாமல் படித்துவிடலாம். நீங்கள் தொடரும் நிறுவனத்தின் குறியீட்டு முறையை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். அதன்பின் குறியீடு மட்டும் கசிந்தாலும் அதிலிருந்து நிறைய எடுக்க முடியும்.

குறியீட்டு லேபிள் பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் இருக்கும். டொயோட்டாவில் சி/டிஆர் (C/TR) என்ற வரியில் முதலில் வருவது வெளிநிறம், அடுத்து வருவது உள்ளலங்காரம். இரண்டாவதை நிறக் குறியீடாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

4. விடைபெறும் நிறம் எது என்று பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. எனக்கு அதிகம் கைகொடுத்ததும் இதுதான்.

ஆலையின் பெயின்ட் பிரிவில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய நிறங்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தொட்டி, தனிக் குழாய், சீரான பயன்பாடு வேண்டும். புதியது ஒன்று நுழைய வேண்டுமானால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். வெளியேறியது எந்த வகை என்பது நுழையப்போவது எந்த வகை என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கொர்வெட்டின் 2022 மாடல் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேடோ கிரே, ஜீயஸ் பிரான்ஸ், செப்ரிங் ஆரஞ்ச் ஆகிய மூன்றும் நீங்கின. ஹைப்பர்சானிக் கிரே, காஃபீன், ஆம்ப்ளிஃபை ஆரஞ்ச் ஆகிய மூன்றும் வந்தன. சாம்பலுக்குச் சாம்பல், பழுப்புக்குப் பழுப்பு, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. அதிலும் நீங்கிய ஆரஞ்சும் டின்ட்கோட், வந்த ஆரஞ்சும் டின்ட்கோட். ஒரு பிரிவு காலியாகும்போது அதே விலைத் தட்டில், அதே குடும்பத்தில் மாற்று வருவது இப்படித்தான்.

விடைபெறும் நிறத்தை எப்படி அறிவது? டீலர்களுக்கு "இந்த நிறத்துக்கு இனி ஆர்டர் இல்லை" என்ற அறிவிப்பு வரும். அது வாடிக்கையாளர்களுக்கும் எட்டிவிடும். ஆர்டர் செய்தவர்களிடம் வேறு நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நிறம், வேரியன்ட் எல்லாம் தேர்ந்து பார்க்கும் நிறுவன இணையதளப் பக்கமான கன்ஃபிகரேட்டரிலிருந்து ஒரு நிறம் சத்தமில்லாமல் மறையும். இவற்றைத் தேதியுடன் குறித்துவையுங்கள்.

ஆனால் தற்காலிகத் தட்டுப்பாட்டையும் நிரந்தர நீக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். நிறமி கிடைக்காமல் சில வாரங்கள் ஆர்டரை நிறுத்தி, பிறகு தொடர்வதும் உண்டு. இன்னொன்று: நீங்கிய நிறம் செத்துப்போன நிறமல்ல. அதே செப்ரிங் ஆரஞ்ச் 2025 மாடலுக்குத் திரும்பிவந்தது. செய்முறையும் பழுதுபார்க்கும் கலவையும் தயாராக இருப்பதால் பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது நிறுவனத்துக்கு எளிது. ஆகவே உங்கள் ஊகப் பட்டியலில் பழைய நிறங்களுக்கும் இடம் கொடுங்கள்.

5. அதே நிறுவனத்தின் மற்ற கார்களைப் பாருங்கள்

ஒரு புதிய பூச்சை உருவாக்குவது எளிதான காரியமல்ல. வெயிலிலும் ஈரத்திலும் நிற்குமா என்று ஃப்ளோரிடா போன்ற இடங்களில் பலகைகளை நீண்ட காலம் வெளியில் வைத்துச் சோதிக்கிறார்கள். உலோகத்திலும் பிளாஸ்டிக் பம்பரிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பழுதுபார்ப்பவர்களுக்குக் கலவை தர வேண்டும். இவ்வளவு செலவழித்ததை ஒரே மாடலோடு நிறுத்திக்கொள்ள எந்த நிறுவனமும் விரும்பாது.

மஸ்டாவில் இது கண்ணாடிபோல் தெரியும். சோல் ரெட் கிரிஸ்டல், குறியீடு 46வி, 2016 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் புதிய சிஎக்ஸ்-5 எஸ்யூவியில் அறிமுகமானது. பிறகே எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்து, பழைய சோல் ரெட் 41வி-யின் இடத்தைப் பிடித்தது. பாலிமெட்டல் கிரே 47சி மஸ்டா3-இல் வந்து, பின்னர் எம்எக்ஸ்-5-ஐ அடைந்தது. ஸிர்கான் சேண்ட் என்ற நிறமும் எஸ்யூவியில் முதலில் வந்ததுதான். எம்எக்ஸ்-5-இன் அடுத்த நிறத்தைத் தேடுபவர் மஸ்டாவின் குடும்பக் கார்களைக் கவனிக்காமல் இருப்பது பெரிய இழப்பு.

எல்லா நிறுவனங்களும் இதே திசையில் போவதில்லை. சில இடங்களில் விலை உயர்ந்த காரிலிருந்து நிறம் கீழே இறங்கும். சில நிறங்கள் எங்கும் பரவாது: போர்ஷே 2023-இல் அறிமுகப்படுத்திய டர்போனைட், டர்போ மாடல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் நிறுவனத்தில் கடந்த ஐந்து நிறங்கள் எங்கே தோன்றி எங்கே போயின என்று அட்டவணையில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். திசை புலப்பட்டுவிடும்.

6. ஆவணங்களைத் தேடும் படி

டீலர்களுக்கான ஆர்டர் கையேடு இருப்பவற்றிலேயே வலுவானது. நிறம், குறியீடு, எந்த உள்ளலங்காரத்துடன் எந்த நிறம் சேரும் என்ற கட்டம் எல்லாம் அதில் இருக்கும். கொர்வெட்டைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸில் நிறக் குறியீடு மூன்று எழுத்து: டார்ச் ரெட் ஜி.கே.இசட். (GKZ), ஆர்க்டிக் ஒயிட் ஜி.8.ஜி. (G8G), கறுப்பு ஜி.பி.ஏ. (GBA). கையேட்டில் உங்கள் அட்டவணையில் இல்லாத மூன்றெழுத்து தென்பட்டால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்புகளைப் படிக்கத் தவறாதீர்கள். "பின்னர் கிடைக்கும்" என்ற குறிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது பழுதுபார்க்கும் பெயின்ட் நிறுவனங்களின் கலவைப் பட்டியல்கள். பிபிஜி, ஆக்ஸால்டா, பிஏஎஸ்எஃப்பின் கிளாசுரிட், ஆக்ஸோநோபலின் சிக்கன்ஸ் போன்றவை குறியீடு, பெயர், தொடக்க ஆண்டு ஆகியவற்றுடன் பட்டியல் வைத்திருக்கின்றன. உங்களுக்குத் தெரியாத குறியீடு ஒன்று புதிய ஆண்டுடன் தோன்றினால் அது உண்மையான பூச்சு என்பது உறுதி. அது உங்கள் ஸ்போர்ட்ஸ் காருக்கு வரும் என்பது உறுதியல்ல. லாரிக்கோ எஸ்யூவிக்கோ உரியதாக இருக்கலாம். ஒரே குறியீட்டின் கீழ் பல கலவை மாற்றங்கள் இருக்கும், அவை புதிய நிறங்கள் அல்ல.

வர்த்தகச் சின்னப் பதிவுகளையும் பார்க்கலாம், ஆனால் குறைந்த எடை கொடுங்கள். பெயரைப் பதிவு செய்து பயன்படுத்தாமலே விடுவது சாதாரணம். பெயின்ட் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் நிறப் போக்கு அறிக்கைகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட காரின் நிறத்தைக் கணிக்க முயல வேண்டாம். ஆக்ஸால்டாவின் "ஆண்டின் நிறம்" போன்றவை திசையைக் காட்டும். எந்த ஆலையின் ஆர்டர் பட்டியலையும் காட்டாது.

7. இப்போது படத்தை எடுங்கள்

இதுவரை செய்தவற்றிலிருந்து ஒரு சிறிய ஊகப் பட்டியல் கிடைத்திருக்கும்: இன்ன குடும்பம், இன்ன வகைப் பூச்சு, வாய்ப்புள்ள இன்ன குறியீடு. படம் அந்த ஊகத்தைச் சோதிப்பதற்கு.

முதல் வேலை, படத்தின் மூலத்தைத் தேடுவது. பலமுறை பகிரப்பட்ட படத்தில் நிறம் ஒவ்வொரு முறையும் சற்று மாறியிருக்கும். படத் தேடல் மூலம் பின்னோக்கிப் போய், பெரிய அளவிலான, முதலில் வெளியான பிரதியைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது, அது மெய்யான படமா என்று பாருங்கள். கணினியில் நிறம் மாற்றிய படங்களில் காரின் உடல் மட்டும் மாறியிருக்கும். அதன் கீழே தரையில் விழும் நிறச்சாயல், பளபளப்பான சக்கரத்தில் தெரியும் பிரதிபலிப்பு, கதவிடுக்கின் உட்புறம் ஆகியவை பழைய நிறத்திலேயே இருக்கும். ஈரமான தரை என்றால் இன்னும் எளிது: நீரில் தெரியும் காரும் மேலே நிற்கும் காரும் ஒரே நிறமா என்று பாருங்கள்.

மூன்றாவது, படத்துக்குள்ளேயே நடுநிலையான ஒன்றைத் தேடுங்கள். சாலையின் வெள்ளைக் கோடு, தார், டயரின் பக்கவாட்டு. வெள்ளைக் கோடு நீலமாகத் தெரிந்தால் காரின் சாம்பலும் நீலம் ஏறிய சாம்பலாகத்தான் தெரியும். அதே படத்தில் உங்களுக்குக் குறியீடு தெரிந்த இன்னொரு கார் நின்றால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஆலை வாகன நிறுத்தத்தில் எடுத்த படங்கள் மதிப்புடையவை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பக்கத்தில் தெரிந்த நிறங்கள் வரிசையாக நிற்கும்.

நான்காவது, காரின் எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்கள்? கூரையும் பானெட்டும் வானத்தைப் பிரதிபலிப்பதால் நீலம் கலந்து தெரியும். கதவின் கீழ்ப்பகுதி தரையைப் பிரதிபலிக்கும். கதவின் நடுப்பகுதியை முதலில் பாருங்கள். பிறகு பின்சக்கர வளைவுபோல மேற்பரப்பு திரும்பும் இடத்துக்குப் போங்கள். சாலிட் பூச்சு அங்கே மெல்ல இருளும். மெட்டாலிக் நேர்ப்பார்வையில் பளிச்சிட்டு, சாய்வில் சட்டென்று இருண்டுவிடும். பேர்லில் சாயலே மாறலாம். ஊதா நீலத்துக்கு நழுவும். பெயின்ட் நிறுவனங்கள் மெட்டாலிக் பூச்சை ஒரே கோணத்தில் அளப்பதில்லை. 15, 45, 110 டிகிரி எனப் பல கோணங்களில் அளக்கும். நீங்களும் ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். கார் திரும்பும் ஐந்து விநாடி வீடியோ பத்துப் படங்களைவிடப் பயன்படும்.

ஐந்தாவது, அது பெயின்ட்தானா? வினைல் ஒட்டுப்படலம் போட்ட கார்கள் தொடர்ந்து குழப்புகின்றன. கதவின் உள்விளிம்பு, எரிபொருள் மூடியின் உட்புறம், டிக்கி மூடியின் கீழ் ஆகியவற்றில் வேறு நிறம் தெரிந்தால் அது ஒட்டுப்படலம். பம்பரின் மூலைகளில் இணைப்புக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

உருமறைப்புப் படலம் போட்ட சோதனைக் கார்களில் இதே இடங்களில்தான் அடியில் உள்ள பெயின்ட் தெரியும். ஆனால் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஓடும் தொடக்கநிலைச் சோதனைக் கார்கள் பெரும்பாலும் வழக்கமான நிறங்களில்தான் வருகின்றன. அவற்றை வைத்துப் புதிய நிறம் சொல்ல இயலாது. உருமறைப்பு இல்லாமல் ஆலைக்கு அருகே ஓடும், உற்பத்திக்கு நெருங்கிய கார்களே கவனிக்கத்தக்கவை. கொர்வெட் என்றால் கென்டக்கியின் பௌலிங் கிரீன். போர்ஷே 911 என்றால் ஸ்டுட்கார்ட்டின் ஸுஃபென்ஹவுசன்.

போர்ஷேயைப் பார்க்கும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பெயின்ட் டு சாம்பிள் என்ற திட்டத்தில் வாடிக்கையாளர் வழக்கமான பட்டியலில் இல்லாத நிறத்தையும் பெறலாம். ஸுஃபென்ஹவுசன் அருகே விசித்திரமான பச்சையில் ஒரு 911 ஓடினால் அது யாரோ பணம் கட்டிக் கேட்ட நிறமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே பச்சையில் இரண்டு மூன்று கார்கள், அதுவும் வெவ்வேறு வேரியன்ட்டுகளில் தெரிந்தால் மட்டும் அட்டவணையில் ஏற்றுங்கள். லம்போர்கினியின் ஆட் பெர்சோனாம், பிஎம்டபிள்யூ இண்டிவிஜுவல் ஆகிய இதே வகைத் திட்டங்களுக்கும் இதே விதி.

8. எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

நான் மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரே ஒரு வகைச் சான்று இருந்தால் "இருக்கலாம்". ஒன்றையொன்று சாராத இரண்டு வகைச் சான்றுகள் பொருந்தினால் "வாய்ப்பு அதிகம்". குறியீடு ஆர்டர் கையேட்டில் அந்த மாடலுக்கு எதிரே அச்சாகியிருந்தால் மட்டுமே "உறுதி".

ஒன்றையொன்று சாராத என்பதை வலியுறுத்துகிறேன். ஒரே படத்தைப் பார்த்து ஐந்து பேர் எழுதினால் அது ஐந்து சான்று ஆகாது. ஒவ்வொரு தகவலும் முதலில் எங்கே, எந்தத் தேதியில் தோன்றியது என்று குறிப்பெடுத்தால் இந்த வட்டத்தில் சிக்க மாட்டீர்கள்.

வெளியீட்டு நாளில் நிறுவனம் காட்டும் காரின் நிறமே அந்த மாடலின் முகமாகிவிடும். 2020-இல் பிஎம்டபிள்யூ எம்4-க்கு சாவோ பாலோ யெல்லோவும் எம்3-க்கு ஐல் ஆஃப் மேன் கிரீனும் அப்படித்தான் ஆயின. ஆனால் கண்காட்சிக்கென்றே தயாரித்த கான்செப்ட் காரின் நிறத்தை "உறுதி" என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒரே ஒரு காருக்கான பூச்சாக இருக்கலாம்.

9. தாண்டக் கூடாத எல்லைகள்

ஆலையின் வேலிக்குள் நுழையாதீர்கள். ஊழியர்களிடம் ரகசியம் கேட்டு நச்சரிக்காதீர்கள். ஒரு நிறத்தைச் சொன்னதற்காக ஒருவர் வேலை இழக்கலாம். டீலர் நம்பிக்கையோடு காட்டிய கையேட்டைப் படமெடுத்துப் பரப்புவதும் அதே வகைத் தீங்கு. படத்தில் தனிநபரின் நம்பர் பிளேட்டோ வாகன அடையாள எண்ணோ இருந்தால் மறைத்துவிட்டுப் பகிருங்கள்.

10. அறிவிப்பு வந்த பிறகு

அதிகாரபூர்வப் பட்டியல் வந்ததும் உங்கள் அட்டவணையைத் திறந்து குறியீடு, பூச்சின் வகை, விலைத் தட்டு ஆகியவற்றை நிரப்புங்கள். உங்கள் ஊகங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தச் சான்று சரியாகச் சொன்னது, எது தவறான வழி காட்டியது என்று எழுதுங்கள். ஒரே நிறுவனத்தை இரண்டு மூன்று மாடல் ஆண்டுகள் இப்படித் தொடர்ந்தால், அங்கே கன்ஃபிகரேட்டர் முந்துமா, ஆர்டர் கையேடு முந்துமா, குடும்பக் கார் முந்துமா என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான தேடலை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.